200 பைல்ல ஒரே ஒரு பைலை டெஸ்ட் பண்ணா போதுமா?

(இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் படிச்சது சிவில். அதனால இன்னைக்குக் கொஞ்சம் மண்ணுக்கு அடியில இருக்குறதப் பத்திப் பேசுறேன்.

2009 ஜூன் 27, சீனாவின் ஷாங்காய் நகரம். இன்னும் யாரும் குடியேறாத ஒரு 13 மாடிக் கட்டடம் பெரும்பாலும் உடையாமல், முழுசா அப்படியே சாய்ந்து படுத்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஒரு பக்கம் பார்க்கிங்குக்காக 4.6 மீட்டர் பள்ளம் தோண்டினாங்க. மறுபக்கம் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குவிச்சாங்க. பக்கவாட்டு அழுத்தத்துல அடியில இருந்த பைல்கள் முறிஞ்சு போச்சு. செங்குத்தா எவ்வளவு சுமை வெச்சு டெஸ்ட் பண்ணியிருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

நம்ம நாட்டுல பைல் சோதனைக்கு ஐ.எஸ். 2911, பகுதி 4 இருக்கு. வேலையில இருக்கிற பைல் மேல, அது தாங்க வேண்டிய சுமையைப் போல ஒன்றரை மடங்கு ஏத்தணும். 40 டன் பைல்னா 60 டன். மேலே கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, நடுவுல ஜாக் வெச்சு, படிப்படியா அழுத்துவாங்க. 600 மில்லிமீட்டர் விட்டம் வரைக்கும் உள்ள பைல் 12 மில்லிமீட்டருக்கு மேல இறங்கக் கூடாது. சோதனை முறை நல்லாத்தான் இருக்கு.

ஆனா எத்தனை பைலுக்கு? குறைந்தபட்சம் அரை சதவீதம். 200 பைலுக்கு ஒண்ணு! தேவைப்பட்டா 2 சதவீதம் வரை கூட்டலாம். அந்த ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது யாருங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. கான்ட்ராக்டரே கை காட்டினா, நல்லா இறங்கின பைலைத்தானே காட்டுவார்?

மிச்சம் 199 பைலுக்கு இருக்கிற ஒரே சாட்சி, அடிக்கும்போது எழுதுற பதிவேடு. எத்தனை அடிக்கு எவ்வளவு ஆழம் போச்சு, கடைசிப் பத்து அடியில எத்தனை மில்லிமீட்டர் இறங்குச்சு என்பதெல்லாம் அதுல இருக்கணும். பக்கத்துப் பைல் 18 மீட்டர் போன இடத்துல ஒண்ணு 11 மீட்டர்ல நின்னா, பாறை தட்டியிருக்கலாம், பைலே உடைஞ்சும் இருக்கலாம். தலையில சின்னச் சுத்தியால தட்டி, எதிரொலி அலையைப் பார்க்கிற சோதனை ஒண்ணு இருக்கு. சில நிமிஷ வேலைதான். உடைசல் இருந்தா பெரும்பாலும் காட்டிக் கொடுத்துடும். ஆனா எவ்வளவு எடை தாங்கும்னு அது சொல்லாது. களிமண்ணா இருந்தா இன்னொரு விஷயம். அடிச்சதும் கலங்கின மண் திரும்ப இறுக நாளாகும். கொஞ்ச நாள் விட்டுத்தான் டெஸ்ட் பண்ணணும்.

எல்லா வரிசையிலயும் ஒரே எண், ஒரே பேனா, ஒரே கையெழுத்தா பதிவேடு இருந்தா உஷாராகிடுங்க. மண் அவ்வளவு ஒழுங்கா இருக்காது நண்பர்களே.

உங்க ஊர்ல பாலமோ, அரசு மருத்துவமனைக் கட்டடமோ பைல் அடிச்சுக் கட்டுறாங்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டணத்தோட மனு போடுங்க. பைல் அடித்த பதிவேடு, சுமைச் சோதனை அறிக்கை, சோதிக்க வேண்டிய பைலைத் தேர்வு செய்த அதிகாரியின் உத்தரவு மூணையும் கேளுங்க. அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) படி நடக்கிற வேலையை நேர்ல பார்வையிடவும் உங்களுக்கு உரிமை இருக்கு. பைல் தலைக்கு மேல கான்கிரீட் போட்டு மூடுறதுக்கு முன்னாடியே மனுவைப் போட்டுடுங்க.