பற்றுச்சீட்டை எறியாதேங்கோ
(எமது சங்கத்தின் பிளேஸ்டோ ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரில் ஏ.எல். வரை படித்துவிட்டு வந்து இங்கே பக்டரியில் மெஷினோடு மாரடிக்கிறவன். "பாவனையாளர் உரிமை பற்றிக் கதையும் தம்பி" எண்டு செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்தேன். பிறகு, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்குப் பயன்படும் என்று நினைத்து வந்திருக்கிறேன்.

சலரோகமும் பிறஷரும் இல்லாத வீடு எங்கட ஆக்களில் குறைவு. டொக்டர் "நடவுங்கோ" எண்டு சொல்லுவார். இங்கே மாரியில் நாலு மணிக்கே இருட்டிப்போகும். எனவே ஒரு கார்த்திகை மாதம் மனைவிக்காக ஒரு ட்ரெட்மில் வாங்கினேன். பெட்டியும் பற்றுச்சீட்டும் அடுத்த கிழமையே குப்பைக்குப் போட்டுது.

தை மாதத்தில் ஒருநாள் அவ மெதுவாக நடந்துகொண்டிருக்க, மெஷின் தானாகவே வேகம் பிடிச்சு ஆளை விழுத்திப் போட்டுது. மணிக்கட்டு முறிஞ்சுது. மெஷினை நிறுத்துகிற சாவிக் கயிற்றை அவ உடுப்பில் கொழுவியிருக்கவில்லை. அதைச் சொல்லிக் குடுக்காதது என்ர பிழை. எங்கட சின்னவன் சற்று முன்னர்தான் பின்பக்கம் நிண்டு விளையாடினவன். அதை நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது.

கடைக்கு ரெலிபோன் எடுத்தேன். "பற்றுச்சீட்டு இல்லையெண்டால் ஒன்றும் செய்ய ஏலாது" எண்டு வைத்துவிட்டார்கள். நானும் பேசாமல் இருந்தேன். ஏன்? அப்போது எங்கட விசா நீடிப்பு விண்ணப்பம் ஹோம் ஒபிசில் கிடந்தது. முறைப்பாடு, வழக்கு எண்டு போனால் பைலில் ஏதும் எழுதிவிடுவாங்களோ எண்டு பயம். இந்தப் பயம் எனக்கு மட்டுமில்லை, இங்கே இருக்கிற பலருக்கும் உண்டு.

இரண்டு மாதம் கழித்து, பக்டரி யூனியன் பிரதிநிதியான ஒரு வங்காளி நண்பர் சொன்னார்: "பொருள் வாங்கினவனிட்டைச் சட்டம் விசா கேக்கிறதில்லை. பற்றுச்சீட்டு இல்லாட்டி வங்கிக் கணக்கு விபரம் போதும்." அதன் பிரதியை வைத்துக் கடிதம் எழுதினேன். அவை வந்து பார்த்திட்டு, திருத்த ஏலாது எண்டு முழுக் காசையும் திருப்பித் தந்தினம்.

2015ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைச் சட்டம் சொல்வது இதுதான். பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் குடுத்து முழுக் காசையும் கேட்கலாம். அதன் பிறகெண்டால் திருத்தித் தரவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு தடவை இடம் கொடுக்க வேணும். அதுவும் சரிவராவிட்டால் காசைக் கேட்கலாம். முதல் 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போது அது நல்லாய் இருந்தது எண்டு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர்தான், நாங்கள் அல்ல. 100 பவுணுக்கு மேல், 30,000 பவுண் வரையான பொருளைக் கிரெடிட் கார்ட்டில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி கார்ட் கொம்பனியும் பொறுப்பு.

இன்னொன்று, கொம்பனியே பொருளைத் திருப்பி அழைப்பது. இங்கே "றீகோல்" என்பார்கள். 2021இல் அமெரிக்காவில் பெலோட்டன் கொம்பனியின் "ட்ரெட் பிளஸ்" மெஷினுக்குள் இழுபட்டு 6 வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. ட்ரெட்மில்லின் பின்பக்கத்தில் பட்டி உருளையைச் சுற்றிக் கீழே போகும். அதில் பட்டதை உள்ளே இழுக்கும். எங்கட பக்டரியில் இப்படியான இடத்துக்கு மூடி போடாமல் மெஷினை ஓட விடமாட்டினம். அந்த ஏப்ரலில் அரசாங்கப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தபோது கொம்பனி மறுத்து வாதாடியது. மே 5ஆம் திகதி ஏறக்குறைய 125,000 மெஷின்களைத் திருப்பி அழைத்தது. அதற்குள் 72 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. 29 சம்பவங்களில் காயப்பட்டது பிள்ளைகள். உடனே அறிவிக்காத குற்றத்துக்காக 2023இல் 19 மில்லியன் டொலருக்கு மேல் தண்டமும் கட்டியது.

அந்த 72 பேரும் என்னைப் போல வாய் மூடி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முறைப்பாடு செய்வது சண்டை பிடிப்பது அல்ல. முகம் தெரியாத இன்னொருவரின் பிள்ளையைக் காப்பாற்றுவது.

ஆகவே சில வேண்டுகோள்கள். பற்றுச்சீட்டைப் படம் பிடித்து வையுங்கோ. மெஷினின் மொடல், தொடர் இலக்கங்களை எழுதி வைத்து, கொம்பனியில் பெயரைப் பதியுங்கோ. பதியாத ஆளுக்கு றீகோல் கடிதம் வராமல் போகலாம். பழசாக வாங்கினால், அரசாங்கத்தின் இணையத்தளத்தில் அந்த மொடல் திருப்பி அழைக்கப்பட்டதா எண்டு பாருங்கோ. பிள்ளையளைக் கேட்டால் ஒரு நிமிசத்தில் பார்த்துத் தருவினம். நடந்து முடிந்ததும் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கோ. பிரச்சினை வந்தால் சிற்றிசன்ஸ் அட்வைஸின் பாவனையாளர் பிரிவுக்கு 0808 223 1133 இலக்கத்தில் இலவசமாகப் பேசலாம். கவுன்சிலின் வணிகத் தர அதிகாரிகளுக்கும் அவர்கள் அறிவிப்பார்கள். ஆங்கிலம் தடையெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ, பக்கத்தில் இருந்து கதைச்சு விடுறன்.

அவவின் கை இப்ப சுகம். இப்ப நாங்கள் இரண்டு பேருமாய்ப் பின்னேரத்தில் பிளேஸ்டோ பார்க்கைச் சுற்றி நடக்கிறோம்.