வாடகை வீடும் வீடே

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“குறைந்த செலவில் இல்லத்தை அழகுபடுத்துதல்” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, ஆள் மாறி வந்துவிட்டாரோ என்று ஐயுற்றேன். பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, நாள்தோறும் எலப்புள்ளியிலிருந்து பேருந்தேறிப் பாலக்காடு ஜங்ஷனுக்குச் சென்று பார்சல் கணக்கு எழுதிவரும் குமாஸ்தா நான். சித்திரம் அறியேன், சிற்பம் அறியேன். “உங்கள் வீட்டில் செய்ததைச் சொல்லுங்கள், அது போதும்” என்றார். அதையே சொல்கிறேன்.

என் உத்தியோக வாழ்வில் இதுவரை ஐந்து இடமாற்றங்கள். ஒவ்வோர் ஊரிலும் இல்லாள் ஏதேனும் ஒரு சீர்திருத்தத்தை விரும்புவாள். “இது நம் வீடா? நாளை மாற்றல் உத்தரவு வந்தால் அப்படியே விட்டுப் போகவேண்டியதுதானே?” என்று கூறி அவள் வாயை அடைத்துவிடுவேன். எலப்புள்ளியில் இந்தப் பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தபோதும் அதையே சொன்னேன். மூன்று ஆண்டுகள் கழிந்தன.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை, நல்ல மழை. எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகள், தன் பள்ளித் தோழியோடு வாயிற்படலருகே ஒரே குடையின்கீழ் நின்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். தோழி சென்றபின், “உள்ளே அழைத்திருக்கலாமே, அம்மா?” என்றேன். “எங்கே உட்காரச் சொல்வது, அப்பா?” என்றாள். குறைகூறும் தொனியில் அன்று. கேட்டதற்கு விடை சொல்லும் தொனியிலேயே சொன்னாள்.

அன்றிரவு கூடத்தை ஓர் அந்நியனைப்போல் சுற்றிப் பார்த்தேன். மாற்றலாகி வந்த நாளில் கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படாத இரண்டு டிரங்குப் பெட்டிகள். சுவரில் பதினொரு காலண்டர்கள். அவற்றுள் நடப்பு ஆண்டுக்குரியவை இரண்டே. ஜன்னலை மறைத்து ஒரு பீரோ. ஜன்னல் இருந்தும் பகலிலேயே விளக்கேற்றி வாழ்ந்திருக்கிறோம்!

முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எதையும் வாங்கவில்லை, அகற்றினோம். ஒன்பது காலண்டர்கள் இறங்கின. பீரோவை இருட்டு மூலைக்கு நகர்த்தினோம். ஜன்னல் கண்ணாடிகளைக் கழுவி, எதிர்ச் சுவரில் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியை மாட்டினோம். வெளிச்சம் கூடத்தின் மறுகோடி வரை பாய்ந்தது. இதற்கு ஒரு காசும் செலவில்லை. எனவே யாரேனும் என்னிடம் யோசனை கேட்டால், கடைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள கனமான சாமான்களை ஒருமுறை இடம் மாற்றிப் பாருங்கள் என்பேன்.

இரண்டாவது, சுண்ணாம்பு. வீட்டுக்காரரின் அனுமதி பெற்று நானே வெள்ளையடித்தேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லை மண் தொட்டியில் நீரில் இட்டால் அது கொதித்துப் பொங்கும். குழந்தைகள் அருகில் இருத்தலாகாது. ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பெருந்தீங்கு. ஓரிரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது வஜ்ரமும், வெண்மை துலங்க ஒரு சிட்டிகை நீலமும் கலக்கவேண்டும். சுவரை முன்னதாக நீரால் நனைத்துவிட்டு, மோர்போல் நீர்த்த பதத்தில் மூன்று முறை அடிக்கவேண்டும். கெட்டியாக ஒரே முறை அடித்தால் செதில் செதிலாக உதிரும். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகிவிடுகிறது. சூளையில் நீறான கல், சுவரில் மறுபடி கல்லாகிறது! நம் வாளையாற்றில் மலபார் சிமென்ட்ஸ் ஆலை அமைந்ததற்கும் அங்குள்ள சுண்ணாம்புக்கல்லே காரணம்.

இதில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடவேண்டும். சமையலறைச் சுவரில் முன்பிருந்தவர்கள் எமல்ஷன் பெயின்ட் அடித்திருந்தனர். அதன்மேலும் சுண்ணாம்பைப் பூசினேன். ஒரு மாதத்திற்குள் அது தோசைபோல் பெயர்ந்து, நேராகக் குழம்புச் சட்டியில் விழுந்தது. பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதை அக்குழம்பின் வாயிலாகக் கற்றேன். இல்லாள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாயை எடுத்து வைத்தாள்.

இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, தொழுநோய் மருத்துவமனைகளுக்கான கட்டடப் பணிக்காக 1945-இல் இந்தியா வந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞரை உங்களில் பலர் அறிவீர்கள். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே வீடு அமையவேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் கூறியதை அவர் நெடுகிலும் மறக்கவில்லை. வீடு கட்டும் வசதி நமக்கில்லை. வீட்டுக்குள் வைக்கும் பொருளிலாவது இதைக் கடைப்பிடிக்கலாமன்றோ? நம் கிழக்குப் பாலக்காட்டில் திரும்பிய திசையெல்லாம் பனைமரம். பனையோலைக் கூடை ஒன்று பழைய செய்தித்தாள்களைத் தாங்கி மூலையில் நிற்பது, பிளாஸ்டிக் கூடையைவிடக் கண்ணுக்கு எவ்வளவோ இதம்.

டிரங்குப் பெட்டிகளுக்கு வருகிறேன். அவற்றைச் சுவரோரமாக நெடுக்கில் சேர்த்து வைத்து, மேலே ஒரு பழைய மெத்தையை மடித்துப் போட்டு, பவானி ஜமக்காளத்தால் மூடினோம். மூவர் தாராளமாக அமரலாம். பவானி ஐந்து மைலுக்குள் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ரயில்காரனுக்கு அந்த எல்லையில் சற்றுச் சலுகை வேண்டும். உள்ளே கம்பளிகள் வழக்கம்போல் இருக்கின்றன. மாற்றல் வந்தால் ஜமக்காளத்தை உருவிவிட்டுக் கயிறு கட்டவேண்டியதுதான். அந்த ஆசனத்தில் முதலில் அமர்ந்தவள் என் மகளின் தோழியே. இப்போது வாரம் இருமுறை வருகிறாள். எங்கள் வீட்டு முறுக்கு விரைவில் தீர்ந்துவிடுகிறது.

திரைச்சீலைகளுக்கு இல்லாளின் பழைய பருத்திச் சேலைகளே போதுமாயின. ஆனால் இடம் அறிந்து போடவேண்டும். மலைத்தொடரில் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டதுபோல் உள்ள பாலக்காட்டுக் கணவாயின் வழியே, மார்கழி தை மாதங்களில் கீழைக்காற்று புழுதியோடு வீசும். ஆகையால் கிழக்கு ஜன்னலுக்கு இரட்டை மடிப்பாகவும், மேற்கே ஒற்றையாகவும் தைத்தோம். இந்தப் புழுதியை முன்னிட்டே அலங்காரப் பொம்மைகளையும் காகிதப் பூக்களையும் நான் சிபாரிசு செய்வதில்லை. துடைப்பவர் நானல்லர் என்பதால் பிறர் உழைப்பைப் பெருக்க எனக்கு உரிமையில்லை.

பச்சைச் செடி வேண்டுமெனில், காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் நீரூற்றி மணி பிளான்ட் கொடியொன்றை இடலாம். வாரந்தோறும் நீரை மாற்றாவிட்டால் டெங்குக் கொசுவையும் சேர்த்து வளர்ப்போம் என்பது நினைவிருக்கட்டும். வாசற்கோலத்தைப் பற்றி இங்குள்ள தாய்மார்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கம். அரிசி மாவால் இட்டால் எறும்புக்கும் ஆகும், அவ்வளவே.

குமாஸ்தாவாதலால் கணக்கும் வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு, வஜ்ரம், நீலம், மட்டை ஆகியவற்றிற்கு ரூ. 600. எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, ரூ. 200. திரைக்குக் கம்பியும் கொக்கியும் ரூ. 150. ஜமக்காளம் ரூ. 900. ஆக மொத்தம் ரூ. 1,850. கூலி இல்லை, இடுப்பு வலிக்குத் தைலம் வீட்டிலேயே இருந்தது.

வடிகட்டிய சுண்ணாம்பு அரைத் தொட்டி இன்னும் மீதமிருக்கிறது. மேலே நீர் நிறுத்தி மூடி வைத்தால் அது கெடுவதில்லை. நம் காலனி அன்பர்கள் எவருக்கேனும் வேண்டுமாயின் ஞாயிறு காலையில் வந்து பெற்றுக்கொள்ளலாம். பாத்திரத்தைக் குழந்தைகளிடம் கொடுத்தனுப்பாமல் பெரியவர்களே வரவேண்டுகிறேன்.