சிவப்பா, கறுப்பா?

இட்லித் தட்டோடு ரேடியோ கேட்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்குப் பேச்சு மலத்தோடு வரும் ரத்தம் பற்றி. இதைச் சொல்ல வருகிறவர்கள் முதலில் வயிற்றுப் பொருமல், அசிடிட்டி என்று சுற்றி வளைப்பார்கள். எழுந்து கதவருகே போன பிறகுதான், "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு..." என்று இழுப்பார்கள்.

நான் கேட்பது இரண்டே கேள்வி: எங்கே பார்த்தீங்க, என்ன நிறம்? எனக்கு ரொம்பப் பிடித்த கேள்விகள் இவை. வெள்ளைப் பீங்கானில் சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்ற சிவப்பு, வலியே இல்லை என்றால் பெரும்பாலும் உள்மூலம். அந்த இடத்துச் சவ்வுக்கு வலி தெரியாது. கண்ணாடிச் சில்லால் கீறினாற்போல வலித்து, ஒரு கீற்று ரத்தம் வந்தால் ஆசனவாய் வெடிப்பு. மலத்தோடு கலந்து கருஞ்சிவப்பாக வந்தால் மேலே பெருங்குடலில் தேட வேண்டும். தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுத்தால் இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் கறுப்பாக்கும், அதையும் சொல்லிவிடுங்கள். ஒரு கல்லூரிப் பையன் அலறியடித்து வந்தான். விசாரித்தால், முந்தின நாள் ஹாஸ்டலில் பீட்ரூட் பொரியல்!

ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். "மூலச்சூடுதான் டாக்டர்" என்று அவரே முடிவு கட்டி, இரண்டு வருஷமாகக் கருணைக்கிழங்கும் மோருமாக ஓட்டியிருக்கிறார். விரல்விட்டுச் சோதித்து, குழாய் வைத்தும் பார்த்தேன். மூலம் இருந்தது நிஜம். மருந்தெழுதப் பேனாவைத் திறந்தபோது அவர் மனைவி, "ஆறு மாசத்துல பெல்ட்டுல ரெண்டு ஓட்டை புதுசாப் போட்டிருக்கார், அதையும் சொல்லச் சொல்லுங்க" என்றார். பேனாவை மூடிவிட்டேன். ஹீமோகுளோபின் 8தான். மூலம் இருப்பதாலேயே மேலே வேறொன்றும் இல்லை என்று ஆகிவிடுமா? கொலோனாஸ்கோப்பியில், பெருங்குடலின் இடப்பக்கம் ஒரு கட்டி. ஆபரேஷன் ஆயிற்று. இப்போது கடையில் உட்கார்ந்து பருப்பு நிறுக்கிறார். நியாயமாகப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு நான்தான் ஃபீஸ் தந்திருக்க வேண்டும்.

கொலோனாஸ்கோப்பி என்றாலே பலருக்கு உதறல். முந்தின நாள் பேதி மருந்து குடிப்பதுதான் பெரும்பாடு. மற்றதெல்லாம் ஊசி போட்ட அரைத்தூக்கத்தில் முடிந்துவிடும். சுமார் 5 அடி நீளப் பெருங்குடலையும் கேமராவில் பார்த்து, பாலிப் என்ற சதை மொட்டு தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடலாம். அது புற்றாக மாறப் பொதுவாகப் பல வருஷம் ஆகும் என்பதால் நாம் முந்திக்கொள்ளலாம்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள், அவசரமாகச் சொல்கிறேன். இளவயது, முக்கிப் போனதில் நாலு சொட்டுதான் என்றால் இரண்டு வாரம் கீரை, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் உட்காருவது. நிற்காவிட்டால் வாருங்கள். 45 வயதைத் தாண்டியவர்கள், இளைத்தவர்கள், சோகை உள்ளவர்கள், மலம் போகும் வழக்கம் மாறியவர்கள், பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ குடல் புற்று இருந்தவர்கள் அவ்வளவுகூடக் காத்திருக்க வேண்டாம். கட்டிகட்டியாக வந்தாலோ தலைசுற்றினாலோ உடனே கிளம்புங்கள். மற்றவர்களும் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, கதவு வரைக்கும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்ததுமே அந்த 'இன்னொண்ணை'ச் சொல்லிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.