நம்ம பொடிக்கு என்ன பேர்?



போன மாதம் சந்தையில் பார்த்தோம். நம்ம குழு அரைத்துக் கொடுத்த சாம்பார் பொடி, ஒரு வியாபாரி பேர் போட்ட பாக்கெட்டில் தொங்குது. வறுத்தது நாம், நெடியில் இருமியது நாம், பேர் மட்டும் அவருடையது! மனசு கேட்கவில்லை.

1959-இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் போட ஆரம்பித்தார்கள். முதல் நாள் நாலே பாக்கெட். விலை குறைவாக இரண்டாம் தரமும் போட்டுப் பார்த்தார்கள். ஒரே தரமா, நல்ல தரமா போடுங்கன்னு பெரியவர் ஒருவர் சொன்னதும் அதை விட்டுவிட்டார்கள். (இதை நல்லா கவனிங்க. மிளகாய் விலை ஏறினதும் மல்லியைக் கூட்டிய கதை எங்களுக்கும் தெரியும்!) 1962-இல் பேருக்குப் போட்டி வைத்தார்கள். பரிசு 5 ரூபாய். அப்படி வந்ததுதான் ‘லிஜ்ஜத்’. குஜராத்தியில் ருசி என்று அர்த்தம். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பேரோட வாங்க. சாமி பேர், சினிமா பேர் வேண்டாம், அது எல்லாக் கடையிலும் இருக்கு. நம்ம ஊர், நம்ம அப்பத்தா கைப்பக்குவம், அங்கே தேடுங்க. பதிவு, லேபிள் வேலைக்கு நாங்க கூட வர்றோம். பரிசு எங்களிடமும் அஞ்சு ரூபாய்தான்!