காருக்குள் ஒரு கண்காணிப்பு



ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 7 முதல் பதிவாகும் ஒவ்வொரு புதிய காரிலும் வேக எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும். கேமராவும் வரைபடமும் அந்தச் சாலையின் வேக வரம்பைக் கண்டுபிடித்துச் சொல்லும். தாண்டினால் வண்டி எச்சரிக்கும். ஓட்டுநர் கண் அசருகிறாரா என்று பார்க்கும் கருவியும் கட்டாயம்.

உயிர் காக்க வந்த ஏற்பாடுதான். ஆனாலும் ஓட்டுநர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஏன் தெரியுமா? பக்கத்துச் சாலைக்கு வைத்த பலகையைக் கேமரா சில நேரம் நம் சாலைக்கென்று படித்துவிடுகிறது. சரியான வேகத்தில் போகிறவருக்கும் எச்சரிக்கை ஒலி! அணைத்து வைக்கலாம், ஆனால் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது தானாக வேலையைத் தொடங்கிவிடும். சட்டமே அப்படி.

காரணமில்லாமல் அடிக்கடி ஒலித்தால் காது பழகிவிடும். நிஜமான ஆபத்திலும் அந்த ஒலி பத்தோடு பதினொன்றாகிவிடும். பயம் அதுதான்.

அதே சட்டத்தில் ஒரு நல்ல விதியும் உண்டு. ஓட்டுநரைக் கவனிக்கும் கருவி திரட்டும் தகவலை வெளியாருக்குத் தரக்கூடாது; பயன்பட்டதும் உடனே அழித்துவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எல்லா நாட்டுக் கார்களுக்கும் வரவேண்டும். ஓட்டுநரை மதிக்கும் கருவியின் பேச்சைத்தான் ஓட்டுநரும் கேட்பார்.