விலகுதலின் இலக்கணம்

 

இருபத்தைந்து ஆண்டுகள் சங்கத்தில் நிலைத்து நின்றவர்களை இம்மேடை பாராட்டியது. அது முறையே. நான் விலகிச் சென்றவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

ஆசிரியர் சங்கமாயினும் ஊர்ச் சங்கமாயினும் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. விவாதம் முற்றுகிறது. ஒருவர் எழுந்து, "இனி இந்தப் படியை மிதிக்கமாட்டேன்" என்று கூறித் துண்டை உதறித் தோளில் இட்டு நடக்கின்றார். வாயிலருகே அவர் நடை சற்றே தளர்கின்றது. எவரேனும் அழைத்தால் அவருக்கு வெற்றி. அழையாவிடில் ஆயுட்காலப் பகை. வாதம் எதனால் தொடங்கியது என்பதை மட்டும் இரு சாராரும் மறந்துவிடுகின்றனர்.

இதனால் வெளியேறுதலே இழுக்கு என்று கருதலாகாது. அண்ணல் அம்பேத்கர் அவர்களும் வெளியேறியவரே. பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வழங்க முனைந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் கைவிடப்பட்டபோது, 1951 செப்டம்பர் 27 அன்று சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர்த் தம் விளக்கத்தை அவையில் கூற வந்தார். உரையின் படியை முன்னதாகத் தரவேண்டும் என்றனர். அதற்கு உடன்படாது அவையை விட்டு வெளியேறி, அவ்வறிக்கையைச் செய்தியாளர்களிடம் அளித்தார்.

அதுவும் பரபரப்பான வெளியேற்றந்தான். ஆயினும் வேறுபாட்டைக் காண்மின்! தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்பட்டமை, மசோதா கைவிடப்பட்டமை எனக் காரணங்களை எழுத்தில் வரிசைப்படுத்தினார். எவரேனும் அழைப்பார் என்று வாயிலில் தயங்கவில்லை. பணியையும் நிறுத்தவில்லை. 1952 பொதுத்தேர்தலில் தோல்வியுற்றும், அவ்வாண்டிலேயே மாநிலங்களவையில் அமர்ந்து வாதாடினார். 1945-இல் தாம் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தையும் தொடர்ந்து பேணினார். கைவிடப்பட்ட அம்மசோதாவின் பல கூறுகள் 1955, 1956 ஆண்டுகளில் நான்கு தனிச் சட்டங்களாயின.

தந்தை பெரியாரும் 1925 நவம்பரில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்திற்கு இடமளிக்கப்படாமையால், காஞ்சிபுரம் மாநாட்டினின்று வெளியேறினார். அவ்வாண்டு மே மாதத்திலேயே 'குடி அரசு' இதழைத் தொடங்கியிருந்தமையால், வெளியேறிய மறுநாளும் அவர்க்குப் பணி இருந்தது.

வசதி படைத்தோர் சங்கத்தில் ஒருவர் விலகினால் நாற்காலி ஒன்று காலியாகும். நம் சங்கத்தில் கணக்கு ஆசிரியர் ஒருவர் கோபித்துச் சென்றால், பத்தாம் வகுப்புப் பிள்ளையின் இரவுப் பாடம் நின்றுபோகும். பெரியவர்களின் தன்மானச் சண்டைக்கு அப்பிள்ளை ஏன் தண்டம் செலுத்த வேண்டும்?

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். விலகுவோர் காரணத்தை எழுத்தில் தருக; வகுப்பையும் கணக்கேட்டையும் சாவியையும் உரியவரிடம் ஒப்படைத்துச் செல்க. சங்கமோ அக்கடிதத்தை அடுத்த கூட்டத்தில் முழுமையாக வாசித்து, நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்க. அதில் உண்மை இருப்பின் திருந்துக. அதன்பின் இருவரேனும் அவர் இல்லம் சென்று, "ஐயா, கருத்து வேறுபாடு இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வாருங்கள்" என்று அழைப்பீராக.

இவ்விழாவிற்கு அழைப்பிதழ் பெற்றும் வாராதோர் சிலர் உளர். அவர்கள் இல்லங்களுக்கு நாளையே செல்லத் தொடங்குவோம்.