கையில் பிறந்த அழகு



ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவி, அழகைக் குறிக்கும் பெயரடைகளைப் பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறாள். 'பியூட்டிஃபுல்' என்றால் அழகிய. 'பிரிட்டி' என்றால் அழகிய. 'ஹேண்ட்சம்' என்றாலும் அழகிய. இறுதிச் சொல்லுக்கு மட்டும், 'ஆண்களுக்கு உரியது' என்றொரு குறிப்பை ஓரத்தில் எழுதிக்கொள்கிறாள். அக்குறிப்பே பின்னர் அவளை இடறச் செய்கிறது.

1815 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலைத் திறந்தால், முதல் வாக்கியத்திலேயே கதைத்தலைவிக்கு அச்சொல் சூட்டப்பட்டிருக்கிறது. மாணவி திகைக்கிறாள், அச்சுப்பிழையோ என ஐயுறுகிறாள். பிழை நூலில் இல்லை, ஓரக்குறிப்பில்தான் இருக்கிறது.

அச்சொல்லின் முற்பகுதி 'கை'. பிற்பகுதி தன்மையைச் சுட்டும் விகுதி. கையாள எளியது, கைக்கு இணக்கமானது என்பதே அதன் பழம்பொருள். இணக்கமானது தகுதியானதாயிற்று, தகுதியானது கண்ணுக்கு நிறைவானதாயிற்று. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி வசதி என்னும் பொருளை முதலில் வைத்து, கண்ணியத்தோடு கூடிய அழகு, தாராளம், பெருந்தன்மை எனப் பொருளை விரித்துச் செல்கிறது.

ஆகவே, ஒரு பெண்ணை அச்சொல்லால் குறிக்கும்போது மென்மையும் நளினமும் முன்னிற்பதில்லை. எடுப்பான தோற்றமும் கம்பீரமும் முன்னிற்கின்றன. கட்டடத்தைச் சார்ந்து வந்தால் அது செப்பமான அமைப்பு. தொகையைச் சார்ந்து வந்தால் கணிசம். செயலைச் சார்ந்து வந்தால் பெருந்தன்மை. 'அழகிய தொகை' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் சொல்லைக் கொண்டுவந்து பொருளை விட்டுவருகிறார்.

இத்தகைய நுட்பம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அம்மை முதல் இழைபு ஈறாக எட்டு வனப்புக்களை எண்ணுகிறது. 'அழகு' அவ்வெட்டனுள் ஒன்றே. செய்யுளுக்கு எட்டு வகை வனப்பைக் கண்ட மொழியில், வேற்றுமொழியின் வனப்புச் சொற்கள் அனைத்தும் 'அழகிய' என்னும் ஒரே சொல்லில் அடைபடுவது முறையோ? கையையும் தமிழ் மறந்துவிடவில்லை. பயிற்சியால் தேர்ந்த ஒருவருக்குக் கவிதை 'கைவந்தது' என்றே தமிழர் சொல்வர். கைக்கு இணங்கியதில் சிறப்பைக் காண்பது இரு மொழிக்கும் பொது.

எல்லாவற்றையும் ஒரே சொல்லால் பெயர்ப்பதால் நேரும் இழப்பு ஆங்கிலத்துக்கு மட்டுமன்று. எழில், கவின், வனப்பு, பொலிவு, மிடுக்கு ஆகியன வழக்கிழந்து போகும், இழப்பவள் தமிழ்த்தாய். சொற்களைக் காக்கும் கடமை, அவற்றைக் கையாளும் கவிஞர்க்கே முதலில் உரியது.

அம்மாணவி தன் ஓரக்குறிப்பை அடித்துவிடட்டும். 'யாருக்கு உரியது?' என்ற வினாவின் இடத்தில் 'எப்பண்பால் அழகு?' என்று எழுதிக்கொள்ளட்டும். அன்று அவள் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கற்றவள் ஆவாள். உடன் பல தமிழ்ச் சொற்களையும் மீட்டவள் ஆவாள்.